கடற்காகம் திக்காமல் பேசியபோது

என் நானா உரத்து வாசிக்கும்போது பிழையே வராத ஒரே இடம், ஒரு சித்திரக்கதையின் பேச்சுக் குமிழ்கள். பாடப்புத்தகத்தில் ‘கடல்’ என்று இருப்பதை அவர் ‘க... க... கடல்’ என்று வாசித்தால் அது பிழை. வகுப்பு சிரிக்கும். ‘கடற்காகம்’ சித்திரக்கதையிலோ அந்தச் சொல் அச்சிலேயே அப்படித்தான் இருக்கும். முதல் ‘க’ சின்னதாக, அடுத்தது கொஞ்சம் பெரிதாக, பிறகு கட்டவிழ்ந்து ஓடுவது போல முழுச் சொல்லும். எங்கள் வீட்டு முன்னறையில் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு நானா அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே வாசிப்பார். பக்கத்தில் தங்கச்சி நானும், அவருடைய கூட்டாளியும். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு, வாசிப்பவர் நானாவா கடற்காகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு கல்பிட்டியில். மூத்த சகோதரனை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் நானா என்போம், சிநேகிதனைக் கூட்டாளி என்போம். வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். கொழும்பில் ஒரு சின்ன அச்சகம் வெளியிட்ட அந்தச் சித்திரக்கதை பத்திரிகைக் கட்டோடு பஸ்ஸில் வரும். யுத்த காலம் என்பதால் ஒழுங்காக வராது. சில மாதம் கடதாசி இல்லை என்பார்கள், சில மாதம் பாதை மூடியிருக்கும். வந்த அன்று நானாவும் கூட்டாளியும் கடை வாசலிலேயே முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடி வருவார்கள்.

கதை எளிமையானது. கடற்கரைக் கொட்டகையான மீன் வாடியில் ஐஸ் உடைக்கும் கூலிக்காரன் ஒருவன். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் கறுப்புச் சிறகுடை அணிந்து கடற்காகம் ஆகிவிடுவான். நீருக்கடியில் நெடுநேரம் மூச்சடக்குவான், அலையைக் கிழித்துக்கொண்டு வானத்துக்கு எழும்புவான். கூலிக்காரனாக இருக்கும்போது திக்குவான். சிறகுடை அணிந்த பிறகும் திக்குவான். நாங்கள் படித்த மற்றச் சாகச நாயகர்களுக்கெல்லாம் முகமூடி போட்டதும் பலவீனம் போய்விடும். இவனுக்குப் போகாது. கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு நின்று சிரிப்பார்கள். அவன் அவசரப்படாமல், சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பான். சொல்லி முடிக்காமல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. நானா அந்த இடம் வரும்போது எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

பள்ளிக்கூடத்தில் நானாவுக்குச் சொந்தப் பெயர் இருக்கவில்லை. ‘கொன்னை’ என்றால் அவர்தான். க-வில் தொடங்கும் சொற்கள்தான் அவருக்கு மிகப் பெரிய முட்டு. கண்ணை இறுக மூடிக்கொள்வார், கழுத்து நரம்பு புடைக்கும், சொல் மட்டும் வராது. உம்மா உட்பட நாங்கள் எல்லோரும் இரக்கப்பட்டு அந்தச் சொல்லை அவருக்காகச் சொல்லிவிடுவோம். சொல்லாதவர் ஒருவர்தான், கூட்டாளி. நானா முட்டுப்பட்டு நிற்கும்போது அவர் வேறெங்கும் பார்க்க மாட்டார், சிரிக்க மாட்டார், தலையை ஆட்டி உதவவும் மாட்டார். மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்பவரைப் போல நிற்பார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் முந்திக்கொண்டு பேசுவார். புத்தளம் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பெயரைக் கேட்டு, பதில் தாமதமானால், அந்தத் தாமதமே சந்தேகமாகிவிடும் காலம் அது. அங்கே கூட்டாளி இரண்டு பேரின் அடையாள அட்டையையும் நீட்டி, இரண்டு பேரின் பெயரையும் சிங்களத்தில் சொல்லிவிடுவார். திரும்பி வரும்போது நானாவிடம், “மன்னிச்சுக்க மச்சான், அங்க மட்டுந்தான்” என்பார்.

அப்படிப்பட்டவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரும் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

வளர்ந்த பிறகு கூட்டாளி கொழும்புக்குப் போனார். தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனம் எழுதிப் பெயர் வாங்கினார். நானா ஊரிலேயே படகு எஞ்சின் திருத்தும் கடை போட்டார், நிக்காஹ் முடித்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, கடற்காகம் திரைப்படமாக வரப்போகிறது என்ற செய்தி வந்தது. திரைக்கதை, வசனம் கூட்டாளி. செய்தியைக் கேட்ட அன்று நானா கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு நடந்தே வந்தார். வாசலில் நின்று சொல்லத் தொடங்கினார். மகிழ்ச்சியில் திக்கல் வழமையைவிடக் கூடிவிட்டது. நான் முதல் தடவையாக, கூட்டாளியைப் போல, முந்திக்கொள்ளாமல் காத்திருந்தேன்.

அந்தச் சித்திரக்கதைக்கு அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. முகநூலில் ரசிகர்கள் குழு ஒன்று தொடங்கினார்கள். மன்னார், மூதூர், அக்கரைப்பற்று, வெளிநாடுகள் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். சிறகின் கறுப்பில் பச்சை ஓடுமா நீலம் ஓடுமா, நாயகனாக யார் நடிக்க வேண்டும், எந்தக் கதையை முதலில் எடுக்க வேண்டும் என்று நாள் முழுக்க விவாதம். நானா அங்கே ஒரு புலி. எழுதும்போது அவருக்கு எந்த எழுத்திலும் முட்டு இல்லை. பெரிய பெரிய பத்திகளாக எழுதுவார். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் திக்குகிறவர் என்பது அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

திரைக்கதை எழுதும் காலத்தில் கூட்டாளி ஊருக்கு வந்தார். “மச்சான், ஒன்ன விட்டா இத எனக்கு ஆரு சொல்லித் தருவா? நீதான் கடற்காகம்” என்றார். கைத்தொலைபேசியை மேசையில் வைத்து நானா கதைப்பதையெல்லாம் பதிவு செய்தார். எந்த எழுத்தில் மூச்சு நிற்கும், நிற்கும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கும், எதிரே நிற்பவரின் முகம் எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்களிடம்கூடச் சொல்லாதவற்றை நானா சொன்னார். தேத்தண்ணி கொண்டுபோனபோது அரைகுறையாகக் காதில் விழுந்ததில் ஒன்று, நிக்காஹ் நாளின் கதை. மாப்பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டிய சம்மதச் சொல் ‘கபில்து’, ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். அதுவும் ‘க’. நானாவுக்கு அது வரவில்லை. சபை முழுவதும் காத்திருந்தது. அந்த அமைதியில் உள்ளறையிலிருந்து ஒரு பெண் குரல், “மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையா?” என்று கேட்டதாம். மதினி அதைக் கேட்டு அழத் தொடங்கிவிட்டாராம். “அவட அழுக எனக்குக் கேட்டுது. விருப்பம் நெஞ்சு முட்ட இரிக்கி, வாயிலதான் இல்ல” என்று நானா சொன்னார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவோ நேரம் எடுத்தது. கூட்டாளி பழையபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது நடிப்பு இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். நம்புவதால்தான் இன்னும் நோகிறது.

பக்கத்துக் கண்டக்குழிக் கரையில் சில காட்சிகளைப் படமெடுத்ததால், படம் வெளியானபோது எங்கள் ஊர் மண்டபத்தில் விசேட காட்சி ஒன்று வைத்தார்கள். பின்னேரம் நான்கு மணிக்கே கதிரைகள் நிறைந்துவிட்டன. நானாவும் மதினியும் பெருநாள் உடுப்பில் வந்திருந்தார்கள். முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் கடல் திரையில் விரிந்தபோது மண்டபமே கைதட்டியது. நாயகன் நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பினான். உண்மையிலேயே அழகாக எடுத்திருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் முன்னால் வந்து இறங்கி, அவன் வாயைத் திறந்தான். நானா கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். “கடல் என் வீடு. கதவைத் தட்டாமல் வந்தவன் கரை திரும்ப மாட்டான்!” ஒரே மூச்சில், இடிமுழக்கம் போல, ஒரு எழுத்தும் இடறாமல் சொன்னான். விசில் பறந்தது. நானா மெல்ல என் பக்கம் திரும்பினார். ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டவரைப் போல ஒரு பார்வை. பிறகு வரும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வந்தது. வில்லனின் எடுபிடியாக ஒரு கோமாளி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டவன், போகிற இடமெல்லாம் அடி வாங்குகிறவன். அவன்தான் திக்கினான். கண்ணை இறுக மூடினான், கழுத்தை நீட்டினான். நானாவிடம் பதிவு செய்த அத்தனையும் அவனிடம் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவனுக்குக் கல்யாணம். நிக்காஹ் பதிவுத் திருமணமாக மாறியிருந்தது. “சம்மதமா?” என்று பதிவாளர் கேட்க, அவன் “ச... ச... ச...” என்று நிற்கிறான். பதிவாளர் தூங்கிவிழுகிறார். ஆடு ஒன்று வந்து மாலையைத் தின்கிறது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது: “மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையா?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தார். நானா மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரால் முடியவில்லை.

எழுந்து போய்விடலாம் என்று நான் அவருடைய கையைத் தொட்டேன். வரவில்லை. படம் முடிந்ததும் மேடையில் கூட்டாளி பேசினார். “கடற்காகத்தின்ட முதல் ரசிகர் இந்த ஊர்லதான் இரிக்கார். என்ட உயிர்க் கூட்டாளி. ரெண்டு வார்த்த பேசச் சொல்லுவோம்” என்று நானாவைக் கூப்பிட்டார். நானா ஏறினார். ஒலிவாங்கியை வாங்கி, திரையைக் காட்டினார். “இ... இவன் க... க...” என்று தொடங்கியதும், அந்தக் கோமாளியைத்தான் நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து வெளியூர் ஆட்களெல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். நானா நிறுத்தவில்லை. கண்ணை மூடினார், முட்டினார், மறுபடி முட்டினார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. உண்மை விளங்கியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டாளி பக்கத்திலேயே நின்றார், கூட்டத்தைப் பார்த்தபடி. ஒரு கட்டத்தில் அவர் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒலிவாங்கிப் பக்கம் சாய்ந்து, நானாவுக்காக அந்தச் சொல்லை முடித்துவைத்தார். “கடற்காகம்!” என்றார்.

நானா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். “இ... இவன் க... க... கடற்காகம் இல்ல.” சொல்லி முடித்து, ஒலிவாங்கியை அவருடைய கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய்க் கூட்டாளியைப் பிடித்தேன். “ஏன் இப்புடிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. “தங்கச்சி, ஹீரோ திக்கினா படம் ஓடாதுன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டார். முழுசா வெட்டச் சொன்னார். நான் சண்ட புடிச்சேன். நானாட கதைய எங்கயாச்சும் காப்பாத்தி வைக்கணுமேன்னுதான் அந்தப் பாத்திரத்துல வெச்சேன்” என்றார். “சிரிக்கிறதுக்கா வெச்சீங்க?” என்றேன். “இல்லாமப் போறதவிட இது பரவாயில்லன்னு நெனச்சேன்.” அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதற்கான பதில் எனக்கு இப்போது தெரியும். இல்லாமல் போயிருந்தால் நானாவுக்கு ஒரு படம்தான் இல்லாமல் போயிருக்கும்.

ரசிகர் குழுவில் அந்த வாரம் முழுக்கப் போர். துரோகம், துரோகம் என்று எழுதினார்கள். சிறகில் பச்சைக்குப் பதிலாக நீலம் பூசிய துரோகம். ஐஸ் உடைக்கிறவனை அச்சகத்துத் தொழிலாளியாக மாற்றிய துரோகம். திக்கலைப் பற்றி ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார்: “நல்ல வேளை, அந்தக் கொன்னையை எடுத்துவிட்டார்கள். இல்லையென்றால் படம் இழுபட்டிருக்கும்.” அதற்கு ஏராளமான விருப்பக் குறிகள். நானாவும் பார்த்தார். ஒரு சொல்லும் எழுதாமல் குழுவிலிருந்து விலகினார். ஒரே புத்தகத்தைத்தான் எல்லோரும் படித்தோம் என்று அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

சிறகின் நிறத்துக்காகச் சண்டையிட்டவர்களை எண்ணி முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அப்படிச் சிரிக்க முடியவில்லை. அந்தப் பச்சையில் அவர்களுக்கும் ஏதாவது ஒட்டிக்கிடந்திருக்கலாம். சினிமா என்றால் மாற்றத்தான் செய்வார்கள். கடலை மாற்றட்டும், நிறத்தை மாற்றட்டும், முடிவையே மாற்றட்டும். ஆனால் ஒருவன் தன்னை எந்த இடத்தில் கண்டானோ, அந்த இடத்தை எடுத்துக் கோமாளியின் தலையில் வைத்தால், அதை எந்தக் கணக்கில் மாற்றம் என்பது?

இப்போது எங்கள் ஊர் ஆட்டோக்களின் முதுகில் ‘கடல் என் வீடு’ என்ற வசனம் ஓடுகிறது. என் மகனுக்கும் அது மனப்பாடம்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கூட்டாளி ஊருக்கு வந்தார். நானாவின் கடைக்கு வந்து ஸலாம் சொன்னார். நான் பெருநாள் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். நானா கதிரையை இழுத்துப் போட்டார், பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை நீட்டி, “எடுங்க” என்றார். ‘நீ’ போய் ‘நீங்க’ ஆகியிருந்தது. “எப்ப மச்சான் கொழும்புப் பக்கம் வாற?” என்று கேட்டதற்கு, “அங்க வர இப்ப வசதி இல்ல. இங்க வேல இரிக்கி” என்றார். ஒரு தடங்கலும் இல்லை. கூட்டாளியின் முகம் மலர்ந்துவிட்டது. “பேச்சு நல்லா வந்திரிக்கே, அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எங்கள் வீட்டாருக்குத் தெரியும். அந்நியர்களோடு கதைக்கும்போது நானா முட்டுகிற சொல்லைத் தூரத்திலேயே கண்டு, சுற்றி வேறு வழியாகப் போய்விடுவார். கேட்பவருக்குச் சரளமாகத்தான் இருக்கும். எங்களோடு அப்படிச் சுற்றிப் போவதில்லை, நேராகப் போய் முட்டுவார். கூட்டாளியோடும் அப்படித்தான் இருந்தார். அதனால் அந்தச் சரளம் அவருக்குப் புதிது.

அந்த நேரம் எஞ்சின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு படகுக்காரர் வந்தார். கதிரையில் இருந்தவரைப் பார்த்து, “ஆரு இவர்?” என்றார். அந்தக் கேள்விக்கு நானாவிடம் ஒரு சொல் உண்டு. ‘கூட்டாளி’, அதுவும் க-வில் தொடங்குவது. எத்தனையோ வருடங்களாக எத்தனையோ பேரிடம் கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, எவ்வளவு நேரமானாலும் நின்று அதைச் சொல்லியிருக்கிறார். கூட்டாளி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, பழைய நாட்களைப் போல, காத்திருந்தார்.

“இவர் முந்தி இந்த ஊர்ல இருந்தவர்” என்றார் நானா. ஒரு எழுத்தும் இடறவில்லை.