மணலுக்குப் பிளாஸ்டிக் உறை

தொட்டுப் பார்ப்பதற்கென்று செய்த பலகையை, யாரும் தொட்டுவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் தாள் போட்டு ஒட்டியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களோடு உட்கார்ந்து டீயும் குடித்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கல்வித் துறையில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நாகமலை புதுக்கோட்டையில் வீடு. எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் நர்சரிப் பள்ளி நடத்துகிறார். அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்ததும் அவருக்கு என் நினைவு வந்தது. தாளாளரே வீடு தேடி வந்தார். "அக்கா, ஒங்களுக்குத் தெரியாத ரூல்ஸா? சும்மா வந்து ஒக்காந்து பாத்துக் குடுங்க" என்றார்.

கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம். எதை முதலில் வாங்கினால் எது சுலபமாகக் கிடைக்கும், எதைத் தாமதித்தால் எது காலாவதியாகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்படி ஒரு திறமையோடு ஒரு மனுஷி வாழ வேண்டுமா என்று கேட்கலாம். வாழ்ந்துவிட்டேன்.

அலுவலக அறையில் ஏ.சி. இருந்ததால் அது பெற்றோரை மயக்கத் தேவைப்பட்டது. எனக்கு எல்.கே.ஜி. வகுப்பின் மூலையில் ஒரு மேசை போட்டார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் பார்க்க நேர்ந்தது.

அந்த வகுப்பு டீச்சர் சின்னப் பெண். பள்ளியிடம் எதுவும் கேட்டுப் பயனில்லை என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே புரிந்துகொண்டவள். ஒரு பலகையில் உப்புத்தாள், சாக்குத் துணி, தேங்காய் நார், பஞ்சு, பழைய பட்டுச்சேலையின் ஓரம் எல்லாவற்றையும் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருந்தாள். கீழே தொட்டிகள். ஒன்றில் உமி, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் சலித்த ஆற்று மணல். புளியங்கொட்டையை யாரும் வாயில் போட்டுவிடாமல் அவளே அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். நான்கு வயது. மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வேனில் வருவாள். அப்பா விவசாயி. பேச்சு இன்னும் வரவில்லை. கைகள் எப்போதும் இறுக மூடியே இருக்கும். யாராவது விரலைப் பிரிக்கப் போனால் அலறுவாள். சோறு தொட மாட்டாள், பென்சில் தொட மாட்டாள். ஏற்கெனவே ஒரு பள்ளியில் 'இதெல்லாம் சரிப்படாது' என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிராமத்துக்கு வேன் போகிற பள்ளி இதை விட்டால் வேறு இல்லை. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது பிள்ளை ஒழுங்காக உட்காராவிட்டால் டி.சி.தான் என்று தாளாளர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். டி.சி. என்ற சொல்லை அவர் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயன்படுத்தியபோதே நான் எழுந்து போயிருக்கலாம்.

காலையில் வந்ததும் அந்தச் சிறுமி மணல் தொட்டிக்குப் போவாள். மூடிய கையை அப்படியே மணலுக்குள் புதைப்பாள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கையை வெளியே எடுக்கும்போது விரல்கள் விரிந்திருக்கும். இடுக்குகளில் மணல் வழியும். அதன் பிறகு தன் இடத்தில் போய் உட்காருவாள். சில வாரங்களில் இட்லியைத் தானே பிய்த்தாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

ஆய்வு நெருங்கியது. தாளாளர் வகுப்புக்குள் வந்தார். அவர் செருப்புக்கடியில் மணல் நரநரத்தது.

"என்னாக்கா இது? ஆபீசர் வாறப்ப இப்பிடிக் கெடந்தா என்னா நெனப்பாக? ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேணாமா?"

"ஆஸ்பத்திரி மாதிரி இருந்தா இஞ்செக்சன்தான் போடணும், தம்பி."

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்.

திங்கட்கிழமை போனபோது வகுப்பு பளபளத்தது. பலகை முழுவதும் தடித்த பிளாஸ்டிக் தாள். உப்புத்தாளுக்கு மேல் 'ரஃப்' என்றும், பஞ்சுக்கு மேல் 'சாஃப்ட்' என்றும் ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டுகள். தொட்டிகளின் வாயையும் தாளால் இழுத்து மூடி, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே வழவழப்பைத் தடவிவிட்டு, ஒரு கட்டத்தில் 'ரஃப்' என்றும் அடுத்த கட்டத்தில் 'சாஃப்ட்' என்றும் கத்த வேண்டும். கத்தினார்கள். கையில் படுவதை நம்பாதே, எழுதியிருப்பதைச் சொல் என்று நான்கு வயதிலேயே கற்றுக் கொடுத்தாயிற்று. பிற்காலத்தில் நல்ல அலுவலர்களாக வருவார்கள்.

அந்தச் சிறுமி வேனிலிருந்து இறங்கி நேராகத் தொட்டிக்கு வந்தாள். கையை இறக்கினாள். தாள் தடுத்தது. இன்னொரு முறை அழுத்தினாள். கீழே மணல் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. பிறகு அவள் போட்ட அலறலில் பக்கத்து வகுப்பும் அழத் தொடங்கியது. தூக்க வந்த டீச்சரின் கையைக் கடித்துவிட்டாள்.

தாளாளர் அப்பாவுக்கு போன் போட்டார். வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார் மனிதர். சேறு காயாத காலோடு வாசல்படிக்கு வெளியே நின்றார்.

"சார், இப்பத்தான் வீட்ல தானா அள்ளித் திங்கிறா. இம்புட்டு நாளா இல்லாதது. இன்னுங் கொஞ்ச நாளு வச்சுப் பாருங்க சார்."

"நாங்க என்னண்ணே பண்றது? டீச்சரையே கடிச்சிருச்சு."

"அப்பக் கையெழுத்து எங்கன போடணும்னு சொல்லுங்க."

அந்தப் பணிவுதான் என்னைப் பற்றவைத்தது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிரிவு எண்ணோடு சொல்வேன். ஆனால் அது ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. தீயணைப்பு வாளியில் எவ்வளவு மணல் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. இந்தப் பிள்ளைக்கு ஒரு கை மணல் கிடைக்க விதி இல்லை. ஆயுள் முழுக்க நான் கரைத்துக் குடித்த நடைமுறைகளில் ஒரு வரிகூட அவளுக்காக எழுதப்படவில்லை.

டீச்சர் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மணல் தொட்டியின் தாளைக் கிழித்தேன்.

"அக்கா! நீங்களே இப்பிடிப் பண்ணலாமா?"

"நான்தான் பண்ணணும். மத்தவங்க எல்லாம் உங்ககிட்டச் சம்பளம் வாங்குறவங்க."

"வர்ற வாரம் இன்ஸ்பெக்சன்க்கா!"

"தெரியும். தீயணைப்பு ஆபீசுக்கு நாளைக்கு நீங்களே போயிட்டு வந்துருங்க. சுகாதாரச் சான்றுக்கும் நீங்களே. இந்தப் பிள்ளை இங்க இருந்தா நானும் இருக்கேன். அது போனா நானும் போறேன்."

தாளாளர் என்னைப் பார்த்தார், மேசைமேல் இருந்த ஃபைலைப் பார்த்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை. "சரி, ஒரு தொட்டி மட்டும். கதவுக்குப் பின்னாடி" என்றார். இரக்கம் அல்ல, கணக்கு. எனக்கு அது போதும். சிறுமி அதற்குள் முழங்கை வரை மணலில் இருந்தாள். அப்பா வாசலில் நின்றபடியே துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

ஆய்வன்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் லீவு என்று அப்பாவிடம் தாளாளர் சொல்லிவிட்டிருந்தார். நடவு நாளில் பிள்ளையை எங்கே விடுவது என்று அப்பா காலையிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். திறந்த கதவின் மறைவில் அவள் மணலோடு இருந்தாள். வந்த அதிகாரி பலகையை ஒரு விரலால் தடவினார். பிள்ளைகள் 'ரஃப்' என்று கத்தினார்கள். "நீட்டா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று பாராட்டினார். விரலில் பட்டது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. என் பழைய துறை.

அங்கீகாரம் வந்தது. என் வேலை முடிந்தது என்று தாளாளர் சால்வை போர்த்தினார். நான் போவதை நிறுத்தவில்லை.

இந்த ஜூனில் அவள் யு.கே.ஜி.க்குப் போனாள். முதல் நாளே கைகள் மறுபடி மூடிக்கொண்டன. அந்த அறையில் தொட்டி இல்லை. "யு.கே.ஜி.ல படிப்புக்கா, வெளாட்டு இல்ல" என்றார் தாளாளர். நானும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மணல் தொட்டியை வராந்தா வழியாக இழுத்துக்கொண்டு போனோம். துடைத்து வைத்த மொசைக் தரையில் மணல் கோடாகச் சிந்தியது. தாளாளர் ஆயாவைத் துடைப்பத்தோடு கூப்பிட்டார். அப்புறம் கூட்டிக்கொள்ளலாம், முதலில் வந்து ஒரு கை பிடி என்று நானும் அவளைத்தான் கூப்பிட்டேன். ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் பக்கம் வந்தாள்.