ஹெர்மினாவின் தொட்டித் தண்ணீர்

செக் நாட்டு ஓலொமோட்ஸ் நகரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், என் வீட்டுக்கு நேர் மேலே ஹெர்மினா குடியிருக்கிறார். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை. கணவர் இறந்த மறுவருடம் பிராணிச் சந்தையில் நான்கு நியூட்டுகளை வாங்கி வந்தார். தண்ணீரில் வாழும், பல்லி போன்ற பிராணிகள்; விரல் நீளம், கரிய முதுகு, நெருப்பாய்ச் சிவந்த வயிறு. ஆறு வருடத்தில் அவை பதினொன்றாகியிருந்தன.

"உங்க பல்லிங்கள்லாம் சௌக்கியமா?" என்று படியில் யாராவது கேட்டால் நின்று பதில் சொல்வார்.

"பல்லி இல்லீங்க, தவளைக்குச் சொந்தம். தோல் வழியாவே மூச்சு விடும். அதனால தண்ணி சுத்தமா இருக்கணும்."

அவர் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் வடக்குப் பக்கத்துப் படுக்கையறை. அதைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில் புழுங்கிக்கொண்டு படுப்பார். தினம் காலை ஐந்து மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார். இரண்டு நாள் திறந்திருந்து குளோரின் வாடை போன பிறகே அது தொட்டிக்குள் போகும். சோப்புக் கையோடு தொட்டியைத் தொடமாட்டார். சந்து கிடைத்தால் நழுவி ஓடிவிடும் என்று மூடிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்திருப்பார்.

போன வருடம் வசந்தத்தில் கட்டடத்தின் துருப்பிடித்த குழாய்களை எடுத்துவிட்டுச் செப்புக் குழாய் போட்டார்கள். வேலையைச் செய்தவர் லுபோர், நாற்பது வயதுக்காரர், அடுத்த தெருவில் வீடு. பழுப்பு நிறத்தில் வந்துகொண்டிருந்த தண்ணீர் கண்ணாடிபோல் வந்தது. ஹெர்மினா அவருக்குப் பிளம் ஜாம் வைத்த பன் சுட்டுக் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் நியூட்டுகள் மண்புழுவைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தின. தோல் மங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரை விட்டு, மிதக்கும் தக்கைப் பட்டைமேல் ஏறி உட்கார்ந்தன. தண்ணீரில் அழுக்குச் சேர்ந்திருக்கும் என்று ஹெர்மினா நினைத்தார். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மாற்றும் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினார். பட்டைமேல் உலர்ந்துபோகுமே என்று அவற்றை மெல்ல எடுத்து உள்ளே விட்டார். மூன்று செத்தன.

அந்தச் சமயத்தில் அவருடைய தங்கைக்கு அறுவைச் சிகிச்சை. நான்கு நாள் ஊருக்குப் போனார். "ஒண்ணும் செய்யாதீங்க, பார்த்துக்கிட்டா போதும்" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். நானும் ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு நியூட்டுகள் தண்ணீருக்குள் இறங்கி, செடிக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டிருந்தன.

ஹெர்மினா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் மாற்றாத நான்கு நாளில்தானே இறங்கியிருக்கின்றன என்று வாளியைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, செம்பு இருக்கிறது என்றார். ராத்திரி முழுக்கப் புதுக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரைத்தான் அவர் தினமும் முதல் ஆளாகப் பிடித்திருக்கிறார். வாளியில் வைத்தால் குளோரின் போகும், செம்பு போகாது.

விஷயம் லுபோர் காதுக்கு எட்டியதும் அவர் நேராக மேலே வந்தார். கதவு திறந்திருந்ததால் நானும் உள்ளே போனேன்.

"மனுஷங்க குடிக்கிறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. என் வேலையில குத்தம்னு ஊரெல்லாம் பேச்சா இருக்கு."

"நான் அப்படிச் சொல்லலப்பா" என்றார் ஹெர்மினா. "உன் வேலை நல்ல வேலை. இதுங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

ஹெர்மினா நாற்காலியில் உட்கார்ந்தார். "தண்ணி வேணாம்னு அதுங்க வெளிய ஏறி உட்கார்ந்துச்சு. இதைவிட எப்படிச் சொல்லும்? நான்தான் பிடிச்சுப் பிடிச்சு உள்ள விட்டேன்."

லுபோர் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மீதி எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். போகும்போது, "முற்றத்துக் குழாய் இன்னும் பழைய லைன்லதான் இருக்கு. இப்போதைக்கு அதுல பிடிங்க" என்றார்.

இரண்டு மாதம் ஹெர்மினா அங்கிருந்து வாளி சுமந்தார். முழங்கால் வீங்கியது. நான் சுமக்கிறேன் என்றால் கொடுக்கமாட்டார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை லுபோர் யாரிடமும் கேட்காமல் வந்து, நிலவறையில் தெருக் குழாய் செப்புக் குழாயோடு சேரும் இடத்துக்கு முன்னாலிருந்து மாடிப்படிச் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் குழாயை இழுத்துக்கொண்டுபோய், வடக்கு அறையில் ஒரு குட்டிக் குழாயாக முடித்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவி கத்தினார்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"தவளையோட சொந்தக்காரங்களைக் கேட்டுத்தாங்க" என்றார் லுபோர், ஆணி அடித்துக்கொண்டே.

எட்டும் பிழைத்தன. இந்த வருடம் இலைகளை மடித்து அதற்குள் முட்டையும் இட்டிருக்கின்றன. இப்போது ஏதாவது ஒன்று சாப்பிடாமல் ஒதுங்கினால் ஹெர்மினா உடனே தொட்டியில் கை விடுவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.