இடது தோள்

கண்டியில் டாக்டர்மார் நடத்தும் ஓர் ஆராய்ச்சிக்காகத் தொலைபேசியில் பேசுவதுதான் இராஜகுமாரியின் வேலை. அடிபட்டு மண்ணீரல் கிழிந்து, பிழைத்து வீடு போனவர்களை அழைத்துச் சுகம் விசாரிப்பாள். சில வீடுகளில் மனைவிதான் பேசுவாள், பேசுமுன்பே அழுதுவிடுவாள். விழுந்தவுடன் ஒன்றும் தெரியாதாம். சுடு எண்ணெய் போட்டு வயிற்றை உருவுவார்களாம். உள்ளே லேசாகக் கிழிந்திருந்தது அதோடு வெடித்துவிடுமாம். இதையெல்லாம் தினமும் கேட்டவள் வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. சோறு தின்னும் நேரத்தில் இந்தப் பேச்சை யார் எடுப்பார்கள்?

அன்று மத்தியானம் புருஷன் சுதேஷ் வத்தேகம வீட்டிலிருந்து கூப்பிட்டான். சந்தைப் படியில் வழுக்கி மரக்கறிப் பெட்டிமேல் விழுந்தானாம்.

"ஒன்னுமில்ல புள்ள, விலாவுலதான் பட்டுச்சு. அக்கா எண்ண காய்ச்சுது."

"ஐயோ, வேணாங்க! வயித்துல கை வைக்க விடாதீங்க!"

அழைப்பு பாதியில் அறுந்தது. திரும்ப அடித்தாள், எடுப்பாரில்லை.

பாழாய்ப்போன பஸ், கை காட்டிய இடமெல்லாம் நின்றது. சுதேஷின் அக்கா பாலம்மா சுளுக்கெடுப்பதில் பேர்போனவள். அந்தக் கையின் பலம் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் ஓடினாள். சுதேஷ் கதிரையில் உட்கார்ந்திருந்தான். பின்னால் பாலம்மா.

"அண்ணி! வயித்த உருவுனீங்களா?"

"இல்லம்மா. தொட்டாலே நெளியிறான், நான் அந்தப் பக்கமே போகல. இடது தோள்தான் குத்துதாம்."

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"தோள்லயும் அடிபட்டுச்சாங்க?"

"படவே இல்ல. அதான் எனக்கும் வெளங்கல," என்றான் சுதேஷ்.

தொலைபேசியில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள்! மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்தால், வலி இடது தோளுக்கு ஏறுமென்று. அவன் நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று வேர்த்திருந்தது.

"ஆட்டோவக் கூப்பிடுங்க அண்ணி, சீக்கிரம்!"

போகும் வழியில் அவன் தலை அவள் தோளில் சரிந்தது.

"தூக்கமா வருது புள்ள."

"தூங்காதீங்க! பேசுங்க! எப்ப விழுந்தீங்க? எங்க வலிக்குது?"

வாய்க்கு வந்ததெல்லாம் தினமும் கேட்கும் கேள்விகள்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

மண்ணீரலை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பிச் சில வாரங்களில் தொலைபேசி அடித்தது. அவளோடு வேலை செய்யும் சஞ்சீவனி.

"ஆராய்ச்சிக்காகப் பேசுறேன் அக்கா. அண்ணன் இப்ப எப்படி இருக்காங்க?"

நல்லா இருக்காரு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் இராஜகுமாரி. அழுகைதான் வந்தது.