தையல் விட்டு, ஒன்பது அங்குலம்

1. சாரம்

என் மனைவி விமலாவின் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் தையல் நிலையத்தைத் திறந்தேன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் நிலையம். சிறு துண்டுத் துணிகளை இணைத்துக் குயில்ட் போர்வைகள் தைப்பது எங்கள் தொழில். நான் கணிதம் படித்தவன். ஆடைத் தொழிற்சாலையொன்றின் பெட்டர்ன் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். நிலையத்தில் டிசைன் வரைவதோடு ஒதுங்கிக்கொள்வேன். வாடிக்கையாளரிடம் பேசி, அளவெடுத்து, கொப்பியில் குறித்து, வெட்டுவிப்பது எல்லாம் விமலா.

அன்று காலை அலவத்துகொடையிலிருந்து ரிஹானா டீச்சர் வந்தார். விமலா ஏற்றிருந்த கடைசி வேலை அவருடையது.

“சேர், மிஸிஸ் மௌத்தான செய்தி எனக்குப் பொறவுதான் தெரியும்” என்றார். பிறகு, “வாப்பாட சாரத்த வெட்டிட்டீங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல.”

மண்சரிவில் அவர்களுடைய வீடு முழுவதும் போய்விட்டது. அப்போது ஆஸ்பத்திரியிலிருந்த தந்தை அடுத்த வாரம் காலமானார். ஆஸ்பத்திரிப் பையிலிருந்த, அவர் இடுப்பில் கட்டும் சாரம் ஒன்று மட்டும் மிஞ்சியது.

“உம்மா அத மொகத்துல போட்டுக்கிட்டுத்தான் தூங்குறாங்க. கிழிஞ்சிக்கிட்டே வருது. போர்வையாக்கினா கொஞ்ச காலம் ஈக்கும்னு ஒங்கட மிஸிஸ்தான் சென்னாங்க. பாத்து வெட்டுங்க சேர். வாப்பா சரியான கஞ்சன். ஒரு சாரத்த மூணு பெருநாளைக்குக் கட்டுவார். ஒரு துண்டு வீணாப்போனாலும் கப்ருல இருந்து எழும்பி வந்துருவார்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகு அந்தத் துணியைத் தொடவே அச்சமாக இருந்தது.

2. வெட்டு

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் விமலா எழுதியிருந்தது இவ்வளவே: “பன்னிரண்டு அங்குல புளொக்கைச் சிறிதாக்க வேண்டும். 9, தையல் விட்டு. அகலம் 5, நீளம் 7. சாரம் போதும். போடர் வெள்ளை.”

போர்வையின் ஒரு கட்டமான இந்த புளொக், நான்கு வரிசையில் நான்கு நான்காகப் பதினாறு சதுரங்கள் கொண்டது. எட்டுச் சதுரம் சாரம், எட்டு வெள்ளை; போடர் எனப்படும் சுற்றுக்கரையும் வெள்ளை. முப்பத்தைந்து புளொக்குகளுக்குச் சாரத்திலிருந்து இருநூற்று எண்பது சதுரங்கள் வேண்டும். பன்னிரண்டு அங்குல புளொக்கில் தைத்து முடித்த சதுரம் மூன்று அங்குலம். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விடுவதால் வெட்டும் அளவு மூன்றரை. அதை ஒன்பதாக்கும்போது புதியவர்கள் மூன்றரையை அப்படியே முக்காலாக்குவார்கள், 2⅝ வரும். அது தவறு. புளொக் சிறுத்தாலும் தையலுக்கு விடும் கால் அங்குலம் சிறுக்காது. முடித்த அளவை மட்டுமே குறைத்து, பிறகு தையலைக் கூட்ட வேண்டும். ஒன்பதில் நான்கில் ஒன்று இரண்டேகால். அரை அங்குலம் கூட்டினால் இரண்டேமுக்கால்.

“தையல் விட்டு” என்பதைத் தையல் நீங்கலாக என்று எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டேன். சாரம் போதும் என்று அவள் எழுதியிருந்ததால் துணியைத் தனியே கணக்கிடவில்லை.

மல்லிகா சாரத்தை மேசையில் விரித்தார். மடுல்கெல்ல தோட்டத்திலிருந்து வந்து எங்களிடம் பல ஆண்டுகளாக வெட்டும் வேலை பார்ப்பவர். நைந்த பகுதி போக நாற்பத்து மூன்று அங்குல அகலமும் நாற்பத்தொன்பது அங்குல நீளமும் தேறின.

“ரெண்டரையும் ஒரு நூலும் தானுங்களே, ஐயா?” என்றார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அவர் சொன்னது 2⅝. எந்தப் பிழையைக் குறித்து ஆண்டுக்கணக்காக எச்சரித்து வந்தேனோ, அதே எண்.

“மூணரைய முக்காலால பெருக்கிட்டியா மல்லிகா? தையலும் கூடச் சுருங்குமா?”

“நான் எங்கங்க பெருக்குனேன்? அம்மா எழுதுனத வச்சுத்தான் சொல்றேன்.”

“அம்மா எழுதினது எனக்கு வாசிக்கத் தெரியும். ரெண்டேமுக்கால் போடு.”

“சரிங்க. கணக்கு ஒங்களுக்குத் தெரியும். கத்தரிக்கோலுக்கு என்னா தெரியும், கோடு போட்ட எடத்துல வெட்டும்.”

அவர் வெட்டினார்.

3. பதினைந்து

அகலவாக்கில் வெட்டிய முதல் பட்டையில் பதினைந்து சதுரங்கள் வந்தன. ஓரத்தில் ஒன்றேமுக்கால் அங்குலம் மிஞ்சிற்று. மல்லிகா அந்தக் கழிவைத் தூக்கிக் காட்டினார்.

“இம்புட்டுக் கழிவுங்களா? அம்மா ஒரு வெரல் அகலம் மிஞ்சுனாலே சண்டைக்கு வருவாங்க.”

அப்போதுதான் பெருக்கிப் பார்த்தேன். நீளத்தில் பதினேழு பட்டைகள். பதினைந்தைப் பதினேழால் பெருக்கினால் இருநூற்று ஐம்பத்தைந்து. இருபத்தைந்து குறைகிறது. அந்தச் சாரத்துக்கு ஈடாக உலகில் வேறு துணி இல்லை. கத்தரிக்கோலை வைக்கச் சொன்னேன். துணியில் படாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“மல்லிகா, ‘தையல் விட்டு’ன்னா என்ன?”

“இது என்னாங்க கேள்வி? தையலுக்கு எடம் விட்டு. தையலோட சேத்து ஒம்பது.”

நான் கற்ற தமிழில் எதையாவது விட்டுக் கணக்கிடுவதென்றால் அதை நீக்கிக் கணக்கிடுவது. வெட்டு மேசையில் விடுவதென்றால் இடம் ஒதுக்குவது. ஒரே சொல் இரு திசையிலும் போகிறது. மல்லிகா சொல்வதுபோல் ஒன்பதில் தையலும் அடக்கமென்றால் முடித்த புளொக் எட்டரை, சதுரம் 2⅛, வெட்டும் அளவு 2⅝. பிழையான வழியில் வரும் எண்ணே சரியான வழியிலும் வருகிறது.

ஆயினும் இப்போது அச்சம் இரட்டித்தது. பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்கலாம்; சிறிதாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது. விமலா எதை நினைத்து எழுதினாள் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கேட்க அவள் இல்லை. வழி ஒன்றுதான்: கொப்பியின் பழைய பக்கங்கள்.

அவற்றை முன்பே பார்த்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்து, மற்றவற்றை ஒரு கிளிப்பால் கவ்வி வைத்திருந்தேன். அவளுடைய நோய்க்காலம் முழுவதும் அந்தப் பக்கங்களில் இருந்தது. வலியைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஏதாவது எழுதியிருப்பாளோ என்ற பயம்.

“நான் பாக்கட்டுங்களா, ஐயா?” என்றார் மல்லிகா.

“வேண்டாம்.”

கிளிப்பை எடுத்தேன். ஆறு பக்கங்களுக்கு முன்னால், பழைய புளொக்கின் குறிப்பு: “12½, தையல் விட்டு.” அந்த புளொக் தைத்து முடித்த பின் பன்னிரண்டு என்பதை நான் அறிவேன். மல்லிகாவின் பொருளே அவளுடைய பொருள்.

மீதித் துணியை 2⅝ ஆல் வகுத்தேன். அகலத்தில் பதினாறு, நீளத்தில் இன்னும் பதினேழு பட்டைகள்: இருநூற்று எழுபத்திரண்டு. முன்பு வெட்டிய பதினைந்தையும் ஒரு நூல் குறைத்துச் சேர்த்தால் இருநூற்று எண்பத்தேழு. ஏழு மிச்சம்.

“நான் சொன்னது பிழை, மல்லிகா.”

“அம்மாகிட்டச் சொல்லுங்க” என்றார் அவர், துணியைச் சீர்செய்தபடியே. பிறகு தலை நிமிராமல் வெட்டினார்.

4. ஒப்படைப்பு

ரிஹானா டீச்சர் போர்வையை வாங்க வந்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“அப்ப வாப்பா பாதி தூரம் வந்துட்டுத் திரும்பிப் போயிருப்பார்” என்றார். மிஞ்சிய ஏழு சதுரங்களையும் கேட்டு வாங்கி, எண்ணாமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

இத்தொழிலுக்கு வருவோருக்கு நான் சொல்லக்கூடியது இது. அளவை மாற்றும் முன், அந்த அளவை எழுதியவர் தம் சொற்களை எப்படி வழங்கினார் என்று அவருடைய பழைய குறிப்புகளில் பாருங்கள். எழுதுவது நீங்களாயின், “தையல் சேர்த்து” அல்லது “தையல் நீங்கலாக” என்று முழுமையாக எழுதுங்கள்.

அந்தக் கொப்பியை அன்றே முதல் பக்கத்திலிருந்து வாசித்து முடித்தேன். அளவுகள் மட்டுமே இருந்தன.