ஆபிதா தேய்த்த சாக்லேட் காகிதம்

கடையநல்லூரிலிருந்து தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆபிதாவுக்கு வருஷக்கணக்காக ஒரே வேலை. பம்பாய்ப் பிள்ளைகள் தின்றுவிட்டுக் கசக்கியெறிந்த சாக்லேட் காகிதங்களைப் பழைய பேப்பர் வியாபாரி மூட்டைமூட்டையாக இறக்குவான். வெந்நீர் ஊற்றிய செம்பால் அவள் அவற்றை இஸ்திரி போடுவாள். கிழிந்ததைப் புளியங்கொட்டைப் பசையால் உள்பக்கம் ஒட்டுவாள். எல்லாம் பண்டிகைத் தோரணத்துக்காம். அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான்.

1966இல் நோன்புப் பெருநாளன்று மகள் மதீனா கேட்டாளே என்று குர்லா ஸ்டேஷன் கடையில் அதே சாக்லேட் ஒன்று வாங்கினாள்.

"அஸ்லி மால்தானே, பாய்? போலி இல்லையே?"

"பம்பாய்ல இதுக்கு மேல ஓடுற சாக்லேட் கிடையாதும்மா," என்றார் கடைக்காரர்.

மகள் பிரித்துப்போட்ட காகிதத்தை, பழக்கதோஷத்தில் ஆபிதாவின் கை எடுத்து நீவியது. உள்பக்கம் விரலில் ஓர் ஒட்டு தட்டுப்பட்டது. புளியங்கொட்டைப் பசை. அவள் வைத்த ஒட்டேதான்.

மகள் கையிலிருந்ததில் ஒரு துண்டைப் பிடுங்கி வாயில் போட்டாள். கருகிய வெல்லமும் அரிசிமாவும் பல்லில் நறநறத்தன.

மதீனா விரலைச் சப்பிக்கொண்டே, "இன்னொண்ணு வாங்கித் தாம்மா," என்றாள். "பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளும் இதத்தான் திங்குது."