நாடா இல்லாத ரம்பம்

1. முதல் கட்டு

மலையில் போட்ட அந்தக் கேம்ப்பில் முதல் கட்டு மாட்டுக்கு விழவில்லை, எங்கள் உதவியாளர் சின்னராஜின் காலுக்கு விழுந்தது. சாயங்காலம் சோறு பொங்க விறகு வெட்டிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த கட்டை. ஓங்கிப் போட்ட அருவாள் கட்டையில் இறங்காமல் வழுக்கி வந்து முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. டாக்டர் மருந்துப் பெட்டியைத் திறந்து தையல் ஊசியைத் தேட, சின்னராஜ் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அது மாட்டுக்குப் போடற ஊசிங்க. வேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க."

நல்லவேளை, தையல் போடுகிற அளவுக்கு ஆழமில்லை. கழுவிக் கட்டுப் போட்டு உட்கார வைத்தோம். அன்றைக்குச் சோறு நான் பொங்கினேன். பாதி வெந்தது, பாதி வேகவில்லை. மூன்று பேரும் மென்று தின்றோம்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பொம்மிடிக்கு மேற்கே மலைமேல் இருக்கும் ஊர்களுக்குக் கோமாரித் தடுப்பூசி போடப் போவது எங்கள் வேலையில் ஒன்று. மாடு மேய்ச்சலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், விடியற்காலையில் ஊசி போட்டாக வேண்டும். அதனால் முதல் நாளே மேலே போய் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொள்வோம். ஜீப் பாதி வழிதான் வரும். அதற்கு மேல் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி, சிரிஞ்ச், அரிசி, பருப்பு எல்லாம் எங்கள் தோளில். கேஸ் அடுப்பைச் சுமக்க ஆள் கிடையாது. மலையில் விழுந்து கிடக்கும் காய்ந்த விறகுதான் அடுப்புக்கு.

டாக்டர் இளைஞர். அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். "இனிமே கேம்ப்புக்கு அருவா வரக்கூடாது. அருவா வந்தா நான் வரல" என்றார்.

"சரிங்க சார். அப்பறம் வெறகை நான் பல்லால கடிச்சுக் குடுத்துர்றன்" என்றேன்.

எனக்கு வாய் அப்படித்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போனில் மடக்கு ரம்பத்தின் படம் ஒன்றைக் காட்டினார். அது வேண்டாம் என்றால், கல்லூரியில் படிக்கும்போது முறுக்கிய கம்பியாலேயே ரம்பம் ஒன்று இருந்தது, இரண்டு முனையிலும் பிடி வைத்து இழுப்போம், சுருட்டினால் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்றார். மடக்கு ரம்பம் என் மனதில் நிற்கவில்லை. சட்டைப் பை நின்றுவிட்டது. தோளில் சுமந்து மலை ஏறுகிறவளுக்கு அதுதானே நிற்கும்.

2. கிளட்ச் கேபிள்

எனக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. வீட்டில் மிக்ஸி நின்றால் நான்தான் பிரிப்பேன். திரும்ப மாட்டும்போது எப்படியும் ஒரு ஸ்குரூ மிச்சமிருக்கும். மிக்ஸி ஓடும்.

பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு பைக் மெக்கானிக் கடை இருக்கிறது. அங்கே கழற்றிப் போட்ட பழைய கிளட்ச் கேபிள்கள் மூலையில் கிடக்கும். இரண்டு கேட்டு வாங்கி வந்தேன். மேலே இருக்கும் உறையை உருவி எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியைப் பிரித்தால், மெல்லிய கம்பிகள் பல தனித்தனியாக வரும். அதில் மூன்றை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் கை டிரில்லில் மாட்டிச் சுற்றினேன். நல்ல முறுக்கு ஏறியது. விறகில் வைத்து இழுத்தால், சோப்பு போட்ட மாதிரி வழுக்குகிறது. ஒரு தூள் கூட விழவில்லை.

முறுக்கு அதிகமாகி எல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது என்பது யோசித்தபிறகுதான் புரிந்தது. ரம்பத்துக்குப் பல் வேண்டாமா? இரண்டாவது தடவை, இரண்டு கம்பியை மட்டும் சேர்த்து முறுக்கினேன். மூன்றாவது கம்பியை அதன்மேல் இடைவெளி விட்டுச் சுற்றிக்கொண்டே போனேன். தொட்டால் விரலில் மேடு மேடாகத் தட்டுப்பட்டது. அந்த மேடுதான் பல். விறகில் வைத்து இழுத்தேன், பொடி கொட்டியது. சமையல்கட்டில் நின்று ஒரு தடவை கைதட்டிக்கொண்டேன். பார்க்க யாரும் இல்லை.

பிடிக்கு விரல் தடிமனில் இரண்டு வேப்பங்குச்சி, நடுவில் ஓட்டை. எஃகுக் கம்பி முடிச்சுக்கு அடங்காது. அதனால் வீட்டு வயரிங்குக்குப் போடும் பித்தளை கனெக்டரை மாட்டி ஸ்குரூவை இறுக்கினேன். கம்பி அறுந்தால் இரண்டு துண்டையும் இன்னொரு கனெக்டரில் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சுருட்டினால் பழைய ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் அடங்கியது.

அடுத்த கேம்ப்பில் சின்னராஜும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, தயிர் கடைகிற மாதிரி மாறி மாறி இழுத்தோம்.

"வெண்ணெ எப்பங்க மேடம் வரும்?" என்றார் சின்னராஜ்.

மெதுவாகத்தான் அறுத்தது. ஆனால் மணிக்கட்டுத் தடிமன் விறகு சுத்தமாக இரண்டாகியது, யார் காலும் கிழியவில்லை. ஒரே ஒரு குறை. வியர்த்த கையிலிருந்து பிடி வழுக்கி, கம்பி சாட்டை மாதிரி வந்து ஒருமுறை என் முழங்கையில் அடித்தது. வீட்டுக்கு வந்ததும் பாவாடை நாடாவை இரண்டு துண்டு வெட்டி, இரண்டு பிடியிலும் வளையம் வைத்துத் தைத்தேன். மணிக்கட்டை அதற்குள் நுழைத்துக்கொண்டால் வேலை முடியும்வரை ரம்பம் கையை விட்டுப் போகாது. கம்பியைவிட அந்த நாடாவில்தான் எனக்குப் பெருமை அதிகம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை இழுத்து இழுத்துக் காட்டினேன்.

3. மயிலை

அதற்கு அடுத்த கேம்ப்பில், மலைமேல் போய்ச் சேர்ந்த மத்தியானமே மாதம்மா வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். தனியாக விவசாயம் பார்ப்பவர். டிராக்டர் ஏறாத சரிவில் சாமையும் ராகியும் விதைப்பவர். அவரிடம் ஒரு ஜோடி எருது இருந்தது. அதில் ஒன்றின் நிறம் மயிலை, சாம்பல் கலந்த வெள்ளை. பேரும் மயிலை.

"டாக்டரம்மா, மயிலைக்குக் கொம்பு கண்ணுகிட்ட வந்துருச்சுங்க."

நான் டாக்டர் இல்லை என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். அவர் காதில் ஏறியதில்லை. டாக்டரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வலது கொம்பு முன்பக்கம் வளைந்து இறங்கி, கூர்முனை கண்ணுக்குக் கீழே தோலில் குத்திக்கொண்டிருந்தது. தோல் கிழிந்து ஈ மொய்த்தது. கண்ணில் நீர் வடிந்தபடி இருந்தது.

"போன வருசம் லாடம் கட்ட வந்தவரு ஆக்ஸா பிளேடால அறுக்கப் பார்த்தாருங்க. இது தலைய ஒதறுச்சு. பிளேடு கன்னத்துல கீறிருச்சு. அன்னையிலருந்து எவன் கையில ரம்பத்தப் பார்த்தாலும் கட்டுக்கயித்த அறுத்துக்கிட்டு ஓடுது. நாளைக்குக் காலையில யாவாரி வர்றாரு. ஓட்டிக்கிட்டுப் போவட்டும்னு சொல்லிட்டன். கண்ணு போன மாட்ட ஏர்ல கட்ட முடியுமாங்க?" மாதம்மா அழவில்லை. மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார்.

டாக்டர் கொம்பைத் தட்டிப் பார்த்தார். நுனியில் இரண்டு விரல் அளவு எடுத்தால் போதும், அந்த இடத்தில் ரத்தமும் இல்லை வலியும் இல்லை என்றார். ஆனால் மயக்க மருந்து கீழே ஆஸ்பத்திரியில் இருந்தது. தடுப்பூசிக் கேம்ப்புக்கு அதைக் கொண்டு வருவதில்லை.

"மயக்கம் குடுக்காம கண்ணுக்குப் பக்கத்துல பிளேடு வெக்க மாட்டேன். நாளன்னைக்கு மருந்தோட வர்றேன், அதுவரைக்கும் யாவாரிய நிறுத்தி வைங்கம்மா."

"அவரு நிக்க மாட்டாருங்க சார். வேற மாடு பாத்துக்குவாரு. அப்பறம் கண்ணும் போயி, கேக்க ஆளும் இருக்காது."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நான் பையிலிருந்து பாலிஷ் டப்பாவை எடுத்தேன். டாக்டர் அதைத் திறந்து, கம்பியை நீட்டி, இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தார். பிளேடு வெளியிலிருந்து முகத்தைப் பார்த்து அறுத்துக்கொண்டு போகும். கம்பியைக் கொம்புக்கும் கன்னத்துக்கும் நடுவில் நுழைத்தால், நாம் நம் பக்கமாக இழுப்போம். அறுப்பு கண்ணை விட்டு வெளியே வரும். அவர் அதை விரலால் காற்றில் போட்டுக் காட்டினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதோ என் ரம்பத்துக்கு மரியாதை வந்துவிட்டது என்று மணிக்கட்டுகளை நாடா வளையத்துக்குள் நுழைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் என் கையைப் பார்த்தார். "அந்த நாடாவ அறுத்துருங்க."

"எதுக்கு சார்? வழுக்காம இருக்கத்தானே அது?"

"மாடு தலைய ஒதறுனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

கம்பி கொம்பில் மாட்டியிருக்கும், கை கம்பியில் மாட்டியிருக்கும். மாடு இழுத்த பக்கம் நான் போவேன். கம்பி கண்ணோரம் இறுகும். எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேல் இல்லை. அத்தனை பேரிடம் இழுத்துக் காட்டினேனே, ஒரு தடவையாவது இதை யோசித்தேனா? பஞ்சு வெட்டும் கத்தரிக்கோலால் இரண்டு வளையத்தையும் நானே வெட்டினேன்.

மயிலையைப் பலாமரத்தோடு சேர்த்துத் தலைக்கயிறு போட்டோம். சின்னராஜ் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். டாக்டர் கொம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூட ஈரத் துண்டு கேட்டார். மாதம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"துண்டு வேணாங்க. துண்டு போட்டா மெரளும். அதுக்கு என் கை தெரியும்."

இடது உள்ளங்கையைக் குவித்து மாட்டின் கண்மேல் வைத்து மூடிக்கொண்டார். நான் கம்பியை நுழைத்தேன். மயிலைக்குப் பார்க்க ரம்பம் எதுவும் இல்லை. என் கையில் இரண்டு குச்சி, அவ்வளவுதான். "கை ரெண்டையும் அகட்டிப் புடிங்க, ஒட்டிப் புடிச்சா கம்பி சூடாகி அறுந்துரும், நீளமா இழுங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கொம்பு பொசுங்கும் வாடை வந்தது. முடி கருகுகிற அதே வாடை.

பாதி போயிருக்கும். அந்த வாடைதான் பிடிக்கவில்லையோ என்னவோ, மயிலை தலையை ஒரே உதறாக உதறியது. டாக்டர் பிடி போயிற்று. சின்னராஜ் மண்டியிட்டு விழுந்தார். நான் யோசிக்கவில்லை, கையை விட்டுவிட்டேன். கம்பி கொம்பில் தொங்கி, ஒரு குச்சி மாதம்மாவின் விரல் முட்டியில் சடாரென்று அடித்து, இன்னொரு உதறலில் எல்லாம் கீழே விழுந்தது.

மாதம்மா கையை எடுக்கவில்லை. முட்டி சிவந்திருந்தது. மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மண்ணில் விழுந்து கிடந்த கம்பியையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். நாடா இருந்திருந்தால் நானும் அந்தக் கம்பியோடு போயிருப்பேன், அந்தக் கண்ணுக்கும் இறுகும் கம்பிக்கும் நடுவில் அவர் விரல்கள்தான் இருந்திருக்கும்.

"நிறுத்திக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"பாதி வந்தாச்சில்லீங்க. மறுவடி போடுங்க. நான் புடிச்சிருக்கன்."

மறுபடி போட்டேன். கொஞ்ச தூரத்தில் கம்பி அறுந்தது. கனெக்டரில் சேர்த்து, நீளம் குறைந்துபோனதால் குட்டை குட்டையாக இழுத்தேன். கொம்பு நுனி கழன்று மாதம்மாவின் காலடியில் விழுந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. அவர் கையை எடுத்தார். மயிலை கண்ணைத் திறந்து திறந்து மூடியது. டாக்டர் புண்ணைக் கழுவி மருந்து போட்டார்.

மறுநாள் காலையில் நாங்கள் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது வியாபாரி வந்தார். மாதம்மா வாசலைவிட்டு இறங்கவே இல்லை. "மாடு ஏருக்குப் போவுதுங்க. நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவரும் குடித்துவிட்டுப் போனார்.

4. கேட்கிறவர்களுக்கு

அடுத்த வருஷம் ஊசி போடப் போனபோது மயிலை அந்த மொண்ணைக் கொம்பால் என் இடுப்பில் ஒரு இடி இடித்தது. சிரிஞ்ச் பறந்தது. இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துத்தான் இடித்தது. வலி மூன்று நாள் இருந்தது, சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

இப்போது மலையில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கிடம் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். பழைய கேபிள் கொண்டு வந்தால் செய்து கொடுக்கிறேன். காய்ந்து விழுந்த கிளையை மட்டும் அறுக்க வேண்டும், கைகளை அகட்டிப் பிடிக்க வேண்டும், கம்பியை மடித்து ஒடிக்காமல் வட்டமாகச் சுருட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் கேட்பது பெரும்பாலும் எவ்வளவு சீக்கிரம் அறுக்கும் என்பதைத்தான். போன வாரம் வந்த ஒருவர், "மேடம், கையில மாட்டிக்க ஒரு ஸ்ட்ராப் வெச்சுக் குடுத்துருங்க, வழுக்காது" என்றார்.

"அது மட்டும் வெக்க மாட்டன்."

"ஏங்க மேடம்?"

வழுக்கினால் முழங்கையில் ஒரு அடி விழும், தேய்த்துக்கொண்டால் போய்விடும் என்றேன். எந்தக் கருவியைச் செய்தாலும், வாங்கினாலும், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, வேண்டாத நேரத்தில் அதை உடனே விட முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். என் சர்வீஸில் நான் இதை அந்த டாக்டர் கேட்ட ஒரே கேள்வியில்தான் கற்றுக்கொண்டேன். வந்தவர் சும்மா ஸ்ட்ராப்தானே என்பதுபோல என்னைப் பார்த்தார். அவருக்கு மாதம்மாவைத் தெரியாது. அந்த அம்மாவின் இடது கையில் இன்றைக்கும் ஐந்து விரலும் இருக்கிறது.