தள்ளுபடி கட்டிய வீடு

பம்ப் தொழிற்சாலையில் அவருக்குத் தள்ளுபடி என்று பெயர். தரம் பார்க்கிற வேலை. வரிசையில் வந்து நிற்கிற பம்புகளைத் தட்டி, திருகி, காது வைத்துக் கேட்டு, ஆகாததைச் சாக்பீஸால் கோடு போட்டு ஒதுக்க வேண்டும். ஆகாததை மட்டும் ஒதுக்கியிருந்தால் இந்தப் பெயர் ஒட்டியிருக்காது. பக்கத்து ஆள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளிப்பார். மேலாளர் புதுச் சட்டை போட்டு வந்தால் காலர் கோணல் என்பார். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள். அதையும் கழற்றி, நார் சரியாக முறுக்கவில்லை என்று காட்டினார். கை தட்டிய சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்ததாம். ஆள் போகிற சந்தோஷம்.

அவர் மனைவி துணிக்கடையில் திரைச்சீலைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவள். கடையில் எல்லோருக்கும் அவள் திரையக்கா. புருஷனின் பட்டப்பெயர் அவள் காதுக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. வருத்தப்படவில்லை. "நம்ம கடையில தள்ளுபடின்னு எழுதிப் போட்டா ஜனம் விழுந்தடிச்சு ஓடி வருது. எங்க வீட்டுத் தள்ளுபடியைப் பார்த்தா ஜனம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுது" என்று பக்கத்துப் பிரிவுக்காரியிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி துணியை மடிப்பாள்.

இந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடு கட்டினார். கட்டினார் என்றால் சும்மா காசு கொடுத்துக் கட்டியதில்லை. இன்ஜினியர் போட்டுக் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து, "கிறுக்கல்" என்று மடித்து வைத்துவிட்டுத் தானே ஒன்று வரைந்தார். மூன்று மேஸ்திரிகள் வந்தார்கள், மூன்று பேரும் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது மேஸ்திரிக்குக் காது மந்தம். அதனால் வீடு முடிந்தது.

சமையலறையை மாடியில் வைத்தார். "புகை மேலதானே போகுது. அடுப்பும் மேலதான் இருக்கணும்" என்று அதற்கு விளக்கம் வேறு. மாடிப்படிகளில் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட நாலு விரல் உயரம். கணக்கு இடித்துவிட்டது, ஒத்துக்கொள்ள மாட்டார். வருகிறவர்கள் எல்லோரும் அதில் கால் தட்டிச் சமையலறைக்குள் தலை முதலில் நுழைவார்கள். "கவனமா நடக்கிறவனுக்குத் தட்டாது" என்பார். ஜன்னல்களைத் தூசிக்கும் திருடனுக்கும் பயந்து தலைக்கு மேலே வைத்தார். ஊருக்கெல்லாம் திரைச்சீலை விற்றவளால் தன் வீட்டில் ஒரு முழம் திரை கட்ட முடியவில்லை. கூடத்து விளக்குக்கு சுவிட்ச் படுக்கையறைக்குள். குளியலறைக் கதவு வெளியே திறந்து மாடிப்படியை மறிக்கும்; குளிக்கப் போனவர் வெளியே வருகிற நேரத்தில் யாராவது குழம்புச் சட்டியோடு இறங்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. போதாததற்குச் சுவரெல்லாம் அவர் கையெழுத்தில் அறிவிப்புகள். கதவை மெதுவாகச் சாத்தவும். குழாயை மூன்று சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். இங்கே சாயக்கூடாது. மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் இருந்தது இரண்டே பேர். அறிவிப்பு யாருக்கு என்று அவள் கேட்டதில்லை.

திரையக்காவின் முழங்கால் தேய்ந்துபோய், படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும்தான் வீட்டை விற்கிற பேச்சு வந்தது. மகள் தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்தாள். வீடு விற்றால் அதை வாங்கிவிடலாம். தரகர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து, பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, "இடம் நல்ல இடம் சார்" என்றார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டிக்காரர்.

பதினோரு மாதம் ஆயிற்று. ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். குறைத்துக் கேட்டார்கள் என்றால்கூட ஆறுதல். விலை என்ன என்றே ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க விட்டால்தானே. தள்ளுபடி வாசலிலேயே பிடித்துக்கொள்வார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. பெண்ணின் முகத்தில் ஆசை தெரிந்தது. இவர் பையனைப் பார்த்து, "ஆணி அடிப்பீங்களா?" என்றார்.

"காலண்டர் மாட்ட ஒண்ணு ரெண்டு அடிப்போம் சார்."

"அப்ப இந்த வீடு உங்களுக்குச் சரிப்படாது. இது என்ன சுவர்னு தெரியுமா?"

அந்தச் சுவர் என்ன சுவர் என்று அரை மணி நேரம் சொன்னார். பெண் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் வந்த பெரியவர் ஒருவர் கடைசிப் படியில் தட்டி முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். இவர் தண்ணீர் கொண்டுவரவில்லை, டேப் கொண்டுவந்தார். படியை அளந்து, பெரியவர் காலைத் தூக்குகிற உயரத்தையும் அளந்து, தப்பு காலில்தான் என்று நிரூபித்தார். பெரியவர் நொண்டிக்கொண்டே தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஒவ்வொரு தடவையும் ஆட்கள் போனபிறகு ஒரு காரணம் கண்டுபிடிப்பார். தரகன் சோம்பேறி. இந்தக் காலத்து ஜனத்துக்குத் தீப்பெட்டி வீடுதான் பிடிக்கும். காலநிலை சரியில்லை. காரணங்கள் எல்லாம் தீர்ந்துபோன ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உன் மூஞ்சியைப் பார்த்தா எவன் வாங்குவான்? வர்றவங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு உண்டா? விக்கிறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

திரையக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். இருபத்தாறு வருஷம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், நின்றுகொண்டே சிரித்து விற்றவள் அவள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தட்டில் இருந்ததை வழித்துத் தின்னும் அந்த ஆளைப் பார்த்தாள். இவரைப் பார்த்தா இத்தனை வருஷம் பயந்தோம் என்றுதான் தோன்றியது. சின்ன ஆள். வாய் மட்டும்தான் பெரிசு.

அடுத்த வாரம் தரகர் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தள்ளுபடி குளித்துக்கொண்டிருந்தார். "அம்மா, ஒழுகுற வீட்டை வித்திருக்கேன். கோர்ட்ல கிடந்த வீட்டைக்கூட வித்திருக்கேன். சார் இருக்கிற வீட்டை விக்க என்னால ஆகாது."

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நான் கூப்பிடும்போது ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் வீட்டில் தரைக்குப் புது ஓடு பதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது.

"உங்க அண்ணனை ஒரு வாரம் கூப்பிட்டு வச்சுக்க. வேலையை மேற்பார்வை பார்க்கணும்னு சொல்லு, ஓடி வருவாரு."

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன் அண்ணி?"

"முப்பத்தாறு வருஷம் நான் வச்சுக்கிட்டேன். நீ ஒரு வாரம் வச்சுக்க முடியாதா?"

தள்ளுபடி டேப்பும் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டமுமாகப் பை கட்டினார். ஓடு பதிக்கிறவன் எவனாக இருந்தாலும் ஒழுங்காகப் பதிக்க மாட்டான் என்று பஸ் ஏறுமுன்பே முடிவு செய்துவிட்டார்.

பஸ் தெருவைத் தாண்டியதும் திரையக்கா வெந்நீரும் துணியுமாக உட்கார்ந்து அறிவிப்புகளை ஒவ்வொன்றாக ஊறவைத்து உரித்தாள். தச்சர் வந்து குளியலறைக் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிப் போட்டார்; ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்காக இருபத்திரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. எலக்ட்ரீஷியன் சுவிட்சைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கடைசிப் படியின் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்தாள். பிறகு தரகரைக் கூப்பிட்டாள்.

கடையில் அவள் கற்றது ஒன்றே ஒன்று. துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓரடி பின்னால் நகர வேண்டும். வந்தவள் கை துணியில் படுகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. அதே மாதிரி, ஆட்கள் வந்தால் கதவைத் திறந்துவிட்டு, முன்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையணை உறை தைத்தாள். முதல் நாள் வந்தவர்கள் முக்கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தார்கள். சமையலறை மாடியில் இருப்பதால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மனுஷன் காரணத்தோடு வேண்டாம் என்று சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு நர்ஸும் அவள் புருஷனும் வந்தார்கள். அவன் பத்திரிகை அச்சடிக்கிற இடத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன். இரண்டு பேருக்கும் ராத்திரி வேலை. கண்ணெல்லாம் சிவந்து, வேறு யாரோ நடத்திவிடுகிற மாதிரி நடந்தார்கள். நர்ஸ் பின்பக்கப் படுக்கையறைக்குள் போய் நின்றாள்.

"இங்க வெளிச்சமே வராதா?"

தரகர் தொண்டையைக் கனைத்தார். திரையக்கா முந்திக்கொண்டாள். "வராதும்மா. ஜன்னல் எங்க இருக்கு பாரு. பட்டப்பகல்ல லைட் போடணும். நான் திட்டாத நாள் இல்ல."

"தெருச் சத்தம்?"

"அதுவும் வராது."

நர்ஸ் புருஷனைப் பார்த்தாள். அவர்கள் குடியிருப்பது ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே. இரண்டு வருஷமாகப் பகலில் ஒழுங்காகத் தூங்கியதில்லையாம். "தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க அஞ்சு நிமிஷம் படுத்துப் பார்க்கலாமா?"

திரையக்கா பாயை விரித்துத் தலையணை கொடுத்தாள். நர்ஸ் படுத்தாள், கதவைச் சாத்துவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. "ரெண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்துட்டு வந்திருக்கா" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னவன், கூடத்துச் சுவரில் சாய்ந்தவாக்கிலேயே தலை தொங்கத் தூங்கிப்போனான். தரகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தூங்கட்டும்" என்றாள். "நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க."

தரகர் போய்க் கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. பையும் ரசமட்டமுமாகத் தள்ளுபடி நின்றார். நாத்தனார் மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. ஓடு பதிக்கிறவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பவும், அண்ணனுக்கு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"யாரு இவன்?"

"வீடு பார்க்க வந்தவங்க. மெதுவா பேசுங்க."

"பார்க்க வந்தவன் தூங்குவானா?" சுவரைப் பார்த்தார். "நான் எழுதி ஒட்டினதெல்லாம் எங்க?"

"உரிச்சுட்டேன்."

"குளியலறைக் கதவு..."

"மாத்திட்டேன். உள்ள ஒரு பொண்ணு தூங்குது. அங்க போகாதீங்க."

"என் வீட்டுல நான் எங்க போகணும்னு நீ சொல்லுவியா? அவங்க என்ன ஆளுங்கன்னு கேட்காம, விசாரிக்காம..."

அவர் அறையை நோக்கி நடந்தார். திரையக்கா எழுந்து, வலிக்கிற முழங்காலோடு கதவுக்கு முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பதினோரு மாசமா ஏன் ஒருத்தரும் விலை கேட்கலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அந்தத் தரகன்..."

"தரகர் இல்ல. படியும் இல்ல, ஜன்னலும் இல்ல. சாயம் போன துணி, கறை பட்ட துணி எல்லாம் வித்திருக்கேன் நான். இதுல இந்தக் குறை இருக்குன்னு சொன்னா யோசிச்சு வாங்கிட்டுப் போவாங்க. ஆனா பக்கத்துல ஒரு ஆள் நின்னுக்கிட்டு, இதைத் தொட உனக்குத் தகுதி இருக்கான்னு கேட்டா எவ வாங்குவா? வீட்டை யாரும் வேண்டாம்னு சொல்லலைங்க. உங்களை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க."

எதிரே நிற்கிற முகத்தில் குறை சொல்ல இடம் தேடினார் போலிருக்கிறது, அகப்படவில்லை. பையை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். மடியில் ரசமட்டம்.

சொல்லி முடித்தால் நெஞ்சு லேசாகும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. படியில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்க்க இரக்கம்கூட வரவில்லை. ஒரே ஒரு தடவை எதிர்த்து நின்றால் போதும், இப்படிச் சுருண்டு உட்காருகிற ஆள்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் சமையலறை கீழே இருந்திருக்கும். முழங்கால் இருந்திருக்கும். அந்த நினைப்புத்தான் கசந்தது.

இரண்டு மணிக்கு நர்ஸ் எழுந்து வந்தாள். கன்னத்தில் பாயின் கோடு. வெட்கத்தோடு முகம் கழுவிக்கொண்டு, புருஷனை உலுக்கி எழுப்பினாள். பிறகு திரையக்காவிடம் கேட்டாள்: "விலை என்னம்மா சொல்றீங்க?"

படியில் இருந்தவர் நிமிர்ந்தார். திரையக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விலையைச் சொன்னாள். நர்ஸ் குறைத்துக் கேட்டாள். இவள் கொஞ்சம் இறங்கினாள். அவள் கொஞ்சம் ஏறினாள். டீ குடித்துவிட்டு வந்த தரகர் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், இந்த நேரத்தில் தும்மல் வந்துவிடக் கூடாதே என்று. கால் மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. பத்திரம் முடிகிற நாளில் தள்ளுபடி காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பேனா சரியாக எழுதவில்லை என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் பழைய வாய் திரும்பிவிட்டது. "பின்னாடி ரூமை நான் வேணும்னேதான் அப்படிக் கட்டினேன். ராத்திரி வேலை பார்க்கிறவங்க ஒரு நாள் தேடி வருவாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று மருமகனிடம் போனில் அளந்துகொண்டிருந்தார். திரையக்கா காதில் விழுந்தது. மறுக்கவில்லை. ஒருவரை மறுத்துப் பேசுவதற்கும் அவர் மேல் கொஞ்சம் மதிப்பு வேண்டும். அது அவளிடம் காலியாகியிருந்தது.

சாமான் ஏற்றுகிற அன்று, அலமாரியை எப்படிச் சாய்த்துத் தூக்க வேண்டும் என்று அவர் பாடம் எடுத்ததில், தூக்க வந்தவர்கள் அதை நடுத்தெருவில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். திரையக்கா போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டி வந்தாள்.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் லாரிக்காரர் முன்பக்கக் கதவைத் திறந்தார். "முன்னாடி ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு. சார் வர்றாரா?"

"அவர் பின்னாடி அலமாரியைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். "இல்லைன்னா நாம சரியா கட்டலைன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வருவாரு."

லாரிக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். பின்னாலிருந்து கயிற்று முடிச்சைப் பற்றி ஏதோ சத்தம் கேட்டது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.